ஏஆர்டி மாத்திரை ஆரம்பிச்ச பிறகு எடை ஏறுதா? புதுசா வந்தவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹெச்ஐவி-க்குக் குடுக்கற ஏஆர்டி மாத்திரை ஆரம்பிச்சு ஆறு மாசம், ஒரு வருஷம் ஆனவங்க நிறைய பேர் கேக்கறது இதுதான்: "ரிப்போர்ட் நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்றாரு, ஆனா வயிறு ஏறிக்கிட்டே போகுது, பழைய பிளவுஸ் ஒண்ணும் பத்தல, பேண்ட் பட்டன் மாட்டல, என்ன பண்றது?" இதுக்கு ரெண்டு விதமா பதில் வரும். "உடம்பு தேறுது, சந்தோஷப்படுங்க"ன்னு ஒருத்தர் சொல்வாங்க. "அரிசியைக் குறைங்க"ன்னு இன்னொருத்தர் சொல்வாங்க. ரெண்டும் பொய் இல்ல, ஆனா பாதி பதில்தான். ஏறினதுல எந்த கிலோ உடம்பு தேறின கிலோ, எந்த கிலோ அதையும் தாண்டி ஏறினதுன்னு பிரிச்சுப் பாத்தாதான் அடுத்து என்ன செய்யணும்னு புரியும். தமிழ்நாட்டுல அரசு ஏஆர்டி சென்டர்ல டிஎல்டி மாத்திரை (மூணு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை) வாங்கற புதுசா வந்தவங்களை மனசுல வெச்சு எழுதறேன், பிரைவேட்ல பாக்கறவங்களுக்கும் பெரும்பாலும் இதேதான்.

எதுக்கும் முன்னாடி ஒரு விஷயம். எடை ஏறுதுன்னு மாத்திரையை நிறுத்தாதீங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடாதீங்க, பாதியா உடைச்சுப் போடாதீங்க. "எடை ஏறினா ஹார்ட்டுக்கு ஆகாதாமே, அதனால கொஞ்ச நாள் நிறுத்திப் பாத்தேன்"னு சொல்றவங்க இருக்காங்க. 2006ல ஸ்மார்ட்னு ஒரு பெரிய ஆய்வோட முடிவு வந்துச்சு, 5,472 பேரை வெச்சு செஞ்சது, சிடி4 (ரத்தத்துல இருக்கற நோய் எதிர்ப்புச் செல்லோட எண்ணிக்கை) நல்லா இருக்கும்போது மாத்திரையை நிறுத்தி வெச்சு, குறையும்போது திரும்ப ஆரம்பிச்சவங்களையும் நிறுத்தாம போட்டவங்களையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, நிறுத்தி நிறுத்திப் போட்டவங்களுக்குத்தான் சாவும் அதிகம், மாரடைப்பு மாதிரியான இதய நோயும் அதிகம். ஹார்ட்டைக் காப்பாத்த மாத்திரையை நிறுத்தறது ஹார்ட்டுக்கே கெடுதல். அதோட ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்து இருக்கறவங்களுக்கு இதே டிஎல்டிதான் அதையும் அடக்கி வெச்சிருக்கு, திடீர்னு விட்டா மஞ்சள் காமாலை கிளம்பி கல்லீரலை ரொம்ப மோசமா தாக்கலாம்.

ஏன் ஏறுது

முதல் காரணம் உடம்பு தேறறது. வைரஸ் அடங்காம ஓடிக்கிட்டு இருக்கற வரைக்கும் சும்மா படுத்திருந்தாலே உடம்புக்கு சக்தி கூடுதலா செலவாகும். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி அறிகுறி எதுவும் இல்லாத பாசிட்டிவ் ஆளுக்கே 10 சதவீதம் கூடுதல் சக்தி தேவை, அறிகுறி வந்தவங்களுக்கு 20லேர்ந்து 30 சதவீதம். அதனாலதான் ஆரம்பத்துல எல்லாருமே நல்லா சாப்பிடுங்க, முட்டை சாப்பிடுங்க, பேரீச்சம்பழம், கடலை உருண்டை, சத்து மாவுக் கஞ்சின்னு சொல்றாங்க, அது அப்போ சரியான பேச்சுதான். மாத்திரை போட்டு வைரஸ் அடங்கினதும் அந்தக் கூடுதல் செலவு குறைஞ்சுடுது, செத்துப்போன பசி திரும்ப வருது, வயித்துப்போக்கு நின்னு சாப்பிடறது உடம்புல ஒட்டுது, வாய்ப்புண் ஆறி காரம்கூட ருசிக்குது. ஆனா தட்டு மட்டும் பழைய நோயாளித் தட்டாவே இருக்கு. "இனிமே அந்த எக்ஸ்ட்ரா வேணாம்"னு யாரும் வந்து சொல்றதில்ல. நான் பாத்த வரைக்கும் பாதிப் பேருக்கு மேல பிரச்சனை இந்த இடத்துலதான்.

ரெண்டாவது காரணம் மாத்திரை. டிஎல்டி ஒரே மாத்திரைதான், ஆனா உள்ள மூணு மருந்து, டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50. எடை விஷயத்துல பேர் அடிபடறது கடைசியா சொன்ன டோலுடெக்ராவிர். தென்னாப்பிரிக்கா ஜோகன்னஸ்பர்க்ல அட்வான்ஸ்னு ஒரு ஆய்வு, 1,053 பேர், 2019ல முடிவு வெளியாச்சு. 48 வாரத்துல பழைய எஃபாவிரென்ஸ் கூட்டு போட்டவங்க சராசரியா 1.7 கிலோ ஏறினாங்க. நம்ம டெனோஃபோவிரோட டோலுடெக்ராவிர் போட்டவங்க 3.2 கிலோ. டாஃப்னு சொல்ற புது வகை டெனோஃபோவிரோட டோலுடெக்ராவிர் போட்டவங்க 6.4 கிலோ. ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு ஏறினது அதிகம். சிடி4 ரொம்பக் குறைவா இருந்து ஆரம்பிச்சவங்களுக்கும் அதிகமா ஏறும், அவங்க இழந்ததும் அதிகம்தானே. இது எல்லாம் சராசரி, ஒரு கிலோகூட ஏறாதவங்களும் உண்டு, பத்து கிலோவைத் தாண்டினவங்களும் உண்டு.

அரசு சென்டர்ல குடுக்கற டிஎல்டி-ல இருக்கறது டாஃப் இல்ல, பழைய டெனோஃபோவிர், அது எடையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கற மருந்து, கொலஸ்ட்ராலையும் கொஞ்சம் குறைக்கும். பிரைவேட்ல வாங்கறவங்க டப்பாவைப் பாருங்க, "டெனோஃபோவிர் அலாஃபெனமைட் 25"ன்னு இருந்தா அது டாஃப். கிட்னி பிரச்சனை, எலும்புத் தேய்மானம் இருக்கறவங்களுக்கு டாஃப்தான் நல்லது, அதனால அதைக் கெட்ட மருந்துன்னு நினைச்சுக்காதீங்க, எடை விஷயத்துல கூடுதல் கவனம் வேணும், அவ்வளவுதான்.

மூணாவது காரணம் மருந்து மாறினது, அதாவது முன்னாடி எஃபாவிரென்ஸ் உள்ள மாத்திரை போட்டுட்டு இருந்து டிஎல்டி-க்கு மாறினவங்க. இவங்க "பத்து வருஷமா ஏறாத எடை இப்போ ஏன் ஏறுது"ன்னு கேப்பாங்க. எஃபாவிரென்ஸ் எடை ஏறாம அமுக்கி வெச்சிருந்த மருந்து. அதுவும் பரம்பரையாவே அந்த மருந்தை மெதுவா வெளியேத்தற உடம்பா இருந்தா ரத்தத்துல அது தேங்கி நிக்கும், அவங்களுக்கு எடை இன்னும் கம்மியாவே ஏறும். அந்த அமுக்கம் போனதும் உடம்பு தன் இடத்துக்கு வருது.

ஏறறது பெரும்பாலும் முதல் வருஷத்துலதான் வேகம், அப்புறம் மெதுவாகிடும். அதனால முதல் வருஷம் கண்ணை வெச்சிருந்தாலே பெரிய வேலை முடிஞ்ச மாதிரி.

பழைய ஆளுங்க கிட்ட கேட்டா வேற கதை சொல்வாங்க. 2004 ஏப்ரல்ல அரசு இலவசமா ஏஆர்டி குடுக்க ஆரம்பிச்சப்போ முதல்ல தொடங்கின எட்டு ஆஸ்பத்திரில தாம்பரம் சானடோரியமும் ஒண்ணு. அப்போ குடுத்த மருந்துல ஸ்டாவுடின் இருந்துச்சு, அது கன்னத்தை ஒட்ட வெச்சுடும், கை கால் குச்சியாகி நரம்பு தெரியும், பாத்தாலே கண்டுபிடிச்சுடுவாங்களோன்னு பயந்து வெளிய வராதவங்க நிறைய. அந்த மருந்து இப்போ கிடையாது. நீங்க இப்போ பாக்கற எடையும் அந்தக் கொழுப்பு இடம் மாறற பிரச்சனையும் வேற வேற, டிஎல்டி-ல உடம்பு மொத்தமாத்தான் ஏறும், கூடவே வயிறும்.

முதல் வேலை: உங்க நம்பரை எழுதி வைங்க

ஒவ்வொரு தடவை சென்டருக்குப் போகும்போதும் எடை பாத்து எழுதுவாங்க. அந்த நம்பரைக் கேட்டு உங்க போன்லயோ நோட்டுலயோ எழுதிக்கோங்க, முக்கியமா மாத்திரை ஆரம்பிச்ச அன்னைக்கு என்ன எடைன்னு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்திரை வாங்கறவங்க நடுவுல மாசம் ஒரு தடவையாவது பாத்துக்கணும், ஒரே மெஷின், காலைல வெறும் வயிறு, ஒரே மாதிரி டிரஸ். தினமும் ஏறி நின்னு பாக்க வேணாம், தண்ணி, மாதவிடாய், முந்தின நாள் உப்பு இதுலயே ஒரு கிலோ மேல கீழ போகும், வீணா மனசு கெடும்.

உயரத்தையும் ஒரு தடவை சரியா அளந்துக்கோங்க. எடையை கிலோவில எடுத்து, உயரத்தை மீட்டர்ல எடுத்து அந்த உயரத்தால ரெண்டு தடவை வகுத்தா பிஎம்ஐ. நம்ம ஊர் உடம்புக்கு 18.5லேர்ந்து 22.9 வரைக்கும் சரியான எடை, 23 தொட்டா கூடுதல், 25 தொட்டா உடல் பருமன். வெள்ளைக்காரங்களுக்கு இந்தக் கோடு 25, 30ன்னு இருக்கும், நெட்ல இருக்கற கால்குலேட்டர் பெரும்பாலும் அதைத்தான் காட்டும், "நார்மல்"னு பச்சை கலர்ல வரும், நம்பாதீங்க, நமக்குக் குறைஞ்ச எடையிலேயே சுகர் வந்துடும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். 155 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒரு அம்மா, மாத்திரை ஆரம்பிக்கும்போது 42 கிலோ. பிஎம்ஐ 17.5, அதாவது எடை பத்தாது. 50 கிலோவுக்கு வந்தாங்கன்னா 20.8, இந்த எட்டு கிலோவும் அவங்களுக்குத் திரும்பி வந்த ஆரோக்கியம், ஒரு கிராம்கூட குறைக்கக் கூடாது. 55 கிலோவைத் தாண்டும்போது 23 கோட்டுக்கிட்ட வந்துடறாங்க, இங்கதான் விழிச்சுக்கணும். 60 ஆனா 25, இப்போ வேலை இருக்கு. பாருங்க, ஒரே ஆள், ஒரே மாத்திரை, முதல்ல ஏறின எட்டு கிலோவும் அடுத்து ஏறின பத்து கிலோவும் ஒண்ணு இல்ல. உங்க உயரத்துக்கு 23ங்கற கோடு எத்தனை கிலோவுல வருதுன்னு இன்னைக்கே போட்டு வெச்சுக்கோங்க, அந்த ஒரு நம்பர் போதும்.

அடுத்தது இடுப்புச் சுத்தளவு, எடையை விட இதை நான் பெருசா நினைக்கறேன், ஏன்னா உள்ளுறுப்பைச் சுத்திச் சேர்ற கொழுப்பை இதுதான் காட்டும். டெய்லர் டேப் ஒண்ணு வாங்குங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, துணி இல்லாம, மூச்சை வெளிய விட்டுட்டு, வயித்தை உள்ள இழுக்காம அளங்க. பேண்ட் சைஸ் கணக்குல வராது, நாம பேண்ட்டை வயித்துக்குக் கீழதான் கட்டறோம். ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைங்களுக்கு 80, அதைத் தாண்டினா எடை எவ்வளவா இருந்தாலும் கவனிக்கணும்.

கர்ப்பமா இருக்கறவங்களுக்கு இந்த எடைக் கணக்கு எதுவும் பொருந்தாது, அந்த நேரத்துல எடை குறைக்கவே முயற்சி பண்ணாதீங்க. குழந்தைகளுக்கு எடை ஏறித்தான் ஆகணும், அவங்களுக்கு மாத்திரை அளவே எடையைப் பாத்துத்தான் மாத்துவாங்க.

வேற ஏதாவது காரணம் இருக்கான்னு பாருங்க

எல்லாப் பழியையும் ஏஆர்டி மேல போடறதுக்கு முன்னாடி நீங்க போடற மத்த மருந்தை ஒரு தாள்ல எழுதுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடற கருத்தடை ஊசி, அரசு ஆஸ்பத்திரில அந்தரான்னு குடுப்பாங்க, அதுல சிலருக்கு நல்லா எடை ஏறும். மனநலத்துக்குக் குடுக்கற சில மாத்திரை ஏத்தும். தைராய்டு குறைஞ்சிருந்தா ஏறும். ஸ்டீராய்டு ஏத்தும், அதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, "சதை போட மாத்திரை"ன்னு சில இடத்துல கவர்ல போட்டுக் குடுப்பாங்க, ஒல்லியா இருந்தப்போ வாங்கிப் போட ஆரம்பிச்சு இன்னும் விடாதவங்க இருக்காங்க, அதுல பெரும்பாலும் ஸ்டீராய்டோ பசியைத் தூண்டற மருந்தோதான் இருக்கும், உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க, ரொம்ப நாளா போட்டிருந்தா திடீர்னும் நிறுத்தக் கூடாது. இன்னொண்ணு, செகண்ட் லைன் மாத்திரை போடறவங்க, அதாவது முதல் மருந்து வேலை செய்யாம போனதும் மாத்திக் குடுக்கற, ரிட்டோனாவிர் சேர்ந்த கூட்டு. அவங்க ஆஸ்துமாவுக்கு உறிஞ்சற சில ஸ்டீராய்டு மருந்தையோ, மூட்டு வலிக்கு முட்டியில போடற ஸ்டீராய்டு ஊசியையோ எடுத்தா அது உடம்புல பல மடங்கு தேங்கும், முகம் உருண்டையாகி வயிறு மட்டும் ஏறும். ரிட்டோனாவிர் போடறேன்னு எந்த டாக்டர்கிட்டயும் மறைக்காதீங்க.

கால் வீங்கி எடை காட்டினா அது கொழுப்பு இல்ல, நீர். விரலால அழுத்தினா குழி விழுந்து நிக்கும். மூச்சு வாங்கறது, முகம் காலைல உப்பலா இருக்கறது இதெல்லாம் கூட இருந்தா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேணாம்.

என்னென்ன டெஸ்ட்

பிபி, வெறும் வயித்துச் சுகர், கொலஸ்ட்ரால், கிரியேட்டினின், கல்லீரல் டெஸ்ட். இதுல சிலது சென்டர்லயே பாப்பாங்க, இல்லன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல பிபி, சுகர் இலவசம்தான். மக்களைத் தேடி மருத்துவம் 2021ல வந்ததுக்கு அப்புறம் வீட்டுக்கே வந்தும் பாக்கறாங்க, அவங்ககிட்ட உங்க ஹெச்ஐவி விஷயத்தைச் சொல்லணும்னு கட்டாயமே இல்ல. வெறும் வயித்துச் சுகர் 100க்குக் கீழ நல்லது, 100லேர்ந்து 125 வரைக்கும் எச்சரிக்கை, 126 தொட்டா திரும்ப ஒரு தடவை பாத்து உறுதி பண்ணுவாங்க.

ரொம்ப அபூர்வமா டோலுடெக்ராவிர் ஆரம்பிச்ச முதல் சில மாசத்துலயே சிலருக்குச் சுகர் திடீர்னு எகிறும், அப்போ எடை ஏறாது, கிடுகிடுன்னு இறங்கும், தாகம் அடங்காது, ராத்திரி நாலஞ்சு தடவை ஒண்ணுக்குப் போகணும். அப்படி இருந்தா அன்னைக்கே சுகர் பாருங்க.

40 வயசு தாண்டினவங்க கொலஸ்ட்ராலைக் குறைக்கற ஸ்டாட்டின் மாத்திரை பத்தி டாக்டர்கிட்ட பேசணும். ரிப்ரீவ்னு ஒரு ஆய்வு, 7,769 பேர், எல்லாரும் ஏஆர்டி போடறவங்க, 40லேர்ந்து 75 வயசு, இதய நோய் ஆபத்து அவ்வளவா இல்லாதவங்கதான். பிடாவஸ்டாட்டின் போட்டவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியான பெரிய பாதிப்பு 35 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2023ல சொன்னாங்க. ஹெச்ஐவி இருக்கறவங்களுக்கு ரத்தக்குழாய்ல ஒரு மெல்லிய அழற்சி எப்பவும் இருந்துக்கிட்டே இருக்கும், எடை அதுக்கு மேல சேர்ற சுமை.

தட்டை மாத்தறது

இங்க ஒரு அம்மா சொன்னதைச் சொல்லியே ஆகணும். 64 கிலோ ஆகிட்டாங்க, சுகர் எச்சரிக்கைக் கோட்டுல நிக்குது, ராத்திரி சோத்தைக் கொஞ்சம் குறைங்கம்மான்னு சொன்னேன். அவங்க குரலைத் தாழ்த்தி, "குறைக்க மாட்டேங்க்கா. நான் எலும்பும் தோலுமா இருந்தப்போ எங்க மாமியா எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வெச்சாங்க. இப்போ உடம்பு வெச்சதும்தான் ஊர்ல பேச்சு அடங்கிச்சு. திரும்ப இளைச்சா திரும்ப ஆரம்பிச்சுடுவாங்க"ன்னாங்க. இதைப் புரிஞ்சுக்காம டயட் சார்ட் குடுத்துப் பிரயோஜனம் இல்ல. நம்ம ஊர்ல இந்த நோய்னாலே இளைக்கறதுன்னு ஆகிப்போச்சு, அதனால எடைதான் பலருக்குக் கவசம். நான் அவங்ககிட்ட சொன்னது, உங்களை 42 கிலோவுக்குக் கொண்டு போகச் சொல்லலம்மா, ஆறு மாசத்துல மூணு கிலோ, முகத்துல தெரியவே தெரியாது, ரத்தத்துல தெரியும். உண்மையும் அதுதான். இருக்கற எடைல 5 சதவீதம் குறைஞ்சாலே பிபி, சுகர், கொலஸ்ட்ரால் எல்லாம் நல்ல பக்கம் திரும்பும். வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல குறைக்க ஆசைப்படாதீங்க, அதுல சதையும் சேந்து போகும்.

என்ன மாத்தணும்? முதல்ல நோய்க் காலத்துல சேத்த எக்ஸ்ட்ராவை எடுங்க. ராத்திரி பாலோட கலக்கற ஹெல்த் டிரிங்க் பவுடர்ல பெரிய பங்கு சர்க்கரை. வைரஸ் அடங்கி, எடை சரியான கோட்டுக்கு வந்தாச்சுன்னா அந்த டப்பா இனிமே வேணாம், மிச்சமாகற காசுக்கு முட்டை வாங்கலாம். சத்து மாவுக் கஞ்சியை காலை டிபனுக்குப் பதிலா குடிங்க, டிபனும் சாப்பிட்டுக் கஞ்சியும் குடிக்கறதுதான் தப்பு.

டீ. நாலு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன், எட்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு நாளைக்கு 35, 40 கிராம் வந்துடும், கூடவே ஒரு வடை, ரெண்டு பிஸ்கட். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே இந்தக் கணக்குல ஒண்ணுதான். ஒரேயடியா விட முடியாதவங்க வாரத்துக்கு அரை ஸ்பூனா குறைச்சுட்டு வாங்க, நாக்கு பழகிடும்.

மதியம் சோறு சாப்பிடுங்க, சோத்தை விட்டுட்டு ஓட்ஸ் சாப்பிடச் சொல்றவங்க பேச்சைக் கேக்க வேணாம். ஆனா முதல்ல பொரியல், கூட்டு, கீரை, முட்டையோ மீனோ சுண்டலோ தட்டுல வெச்சு, மிச்ச இடத்துல சோறு. சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவைன்னு மூணு முறை போடறதை ஒரே முறை போட்டு அதையே பிரிச்சுக்கோங்க. ரேஷன் அரிசியா இருந்தாலும் பொன்னியா இருந்தாலும் அளவுதான் விஷயம். புரதம் குறையவே கூடாது, கொள்ளு, பாசிப்பயறு, கருப்பு கொண்டைக்கடலை, முட்டை, மத்தி மீன், இதெல்லாம் விலையும் கம்மி பசியும் தாங்கும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் பிபி இருந்தா வேணாம். எண்ணெய் ஆளுக்கு மாசம் அரை லிட்டர், நாலு பேர் வீட்டுக்கு ரெண்டு லிட்டர், அதுக்கு மேல வாங்கினா எங்கயோ பொரியுதுன்னு அர்த்தம். ராத்திரி எட்டு மணிக்குள்ள முடிச்சா நல்லது, பரோட்டா சால்னா மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை சாப்பிடுங்க, யாரும் ஒண்ணும் சொல்லல.

விரதம் இருக்கறவங்க, நோன்பு இருக்கறவங்க பயப்பட வேணாம், டிஎல்டி-யை சாப்பாட்டோடயும் போடலாம் வெறும் வயித்துலயும் போடலாம், ஒரே நேரமா இருந்தா போதும். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க, டிபி சிகிச்சைல இருக்கறவங்க மட்டும் கேட்டுட்டு இருங்க.

தூக்கம் வரலைன்னா ராத்திரி மாத்திரையை காலைக்கு மாத்த முடியுமான்னு கேளுங்க, டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டா மறுநாள் பசி கட்டுக்கடங்காது.

நடக்கறது

வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமான நடை, அஞ்சு நாள் அரை மணி நேரம். பேச முடியணும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். ரோட்டுல நடக்கத் தயங்கற பெண்கள் மொட்டை மாடில நடக்கலாம், பத்து பத்து நிமிஷமா மூணு தடவை நடந்தாலும் கணக்குல வரும். கூலி வேலை, கட்டட வேலை செய்யறவங்களுக்கு நடை பத்தி நான் சொல்ல ஒண்ணும் இல்ல, அவங்க தட்டையும் டீயையும் பாத்தா போதும். வாரத்துல ரெண்டு நாள் சதைக்கு வேலை குடுங்க, நாற்காலில உக்காந்து எழுந்திருக்கறது, சுவத்துல கை ஊனித் தள்ளறது, தண்ணி நிரப்பின பாட்டில் தூக்கறது. நோய்ல முதல்ல கரைஞ்சது சதைதான், அது திரும்ப வரணும்னா சாப்பாடு மட்டும் பத்தாது.

வாங்கவே கூடாதது, வாங்கினா கேட்டுட்டு வாங்க வேண்டியது

எடை குறைக்கற பொடி, கஷாயம், டீத்தூள் எதையும் தொடாதீங்க. உள்ள என்ன கலந்திருக்குன்னு டப்பாவுல எழுதினதை நம்ப முடியாது, கல்லீரல் ஏற்கனவே தினமும் மருந்தைக் கையாண்டுக்கிட்டு இருக்கு. ஆர்லிஸ்டாட்னு ஒரு எடைக் குறைப்பு கேப்சூல் மெடிக்கல்ல கிடைக்கும், அது கொழுப்பை உடம்புல சேரவிடாம வெளியேத்தும், கூடவே ஏஆர்டி மருந்தும் சரியா உறிஞ்சப்படாம வைரல் லோடு (ரத்தத்துல இருக்கற வைரஸ் அளவு) திரும்ப ஏறினவங்க உண்டு. டாக்டர் சொல்லாம வாங்காதீங்க.

நெட்வொர்க் மார்க்கெட்டிங்ல விக்கற ஷேக் பவுடர், கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை, மல்டிவைட்டமின், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கற ஜெலுசில் மாதிரி சிரப், இதுல எல்லாம் இருக்கற கால்சியம், இரும்பு, மெக்னீசியம், அலுமினியம் டோலுடெக்ராவிரைப் பிடிச்சு வெச்சுக்கும், மருந்து ரத்தத்துக்குப் போகாது. டிஎல்டி-யை அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி போடுங்க, இல்லன்னா அதைச் சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழிச்சுப் போடுங்க. கால்சியம், இரும்பு மட்டும் சாப்பாட்டோட சேத்து டிஎல்டி-யும் போட்டா பரவாயில்ல, நெஞ்செரிச்சல் சிரப்புக்கு அந்தச் சலுகை இல்ல.

சுகருக்கு மெட்ஃபார்மின் குடுத்தா, டிஎல்டி போடறேன்னு அந்த டாக்டருக்குத் தெரியணும். டோலுடெக்ராவிர் மெட்ஃபார்மினோட அளவை ரத்தத்துல ஏத்திடும், பொதுவா ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல போக மாட்டாங்க. இந்த ஒரு விஷயத்துக்காகவே சுகர் டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்றது நல்லது. 2017ல வந்த ஹெச்ஐவி சட்டம் 2018 செப்டம்பர்லேர்ந்து அமல்ல இருக்கு, உங்க சம்மதம் இல்லாம அவர் அதை வெளிய சொல்லக் கூடாது. ஜிம் மாஸ்டர்கிட்டயோ டயட் சொல்றவங்ககிட்டயோ சொல்ல வேண்டிய அவசியம் இல்ல.

எடை குறைக்கற செமாக்ளூடைட் ஊசி பத்தி இப்போ எல்லாரும் கேக்கறாங்க. ஹெச்ஐவி இருக்கறவங்ககிட்டயும் அது வேலை செய்யுது, கொழுப்புக் கல்லீரல் இருந்த பாசிட்டிவ் ஆளுங்களுக்கு ஆறு மாசத்துல கல்லீரல் கொழுப்பு சுமார் 31 சதவீதம் குறைஞ்சதா ஒரு ஆய்வுல வந்துச்சு. ஆனா நிறுத்தினா எடை திரும்ப வரும், சதையும் சேந்து கரையும். பிஎம்ஐ 25க்குக் கீழ இருக்கறவங்க அழகுக்காகப் போட்டுக்கறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

டாக்டர்கிட்ட என்ன கேக்கறது

"மாத்திரையை மாத்திக் குடுங்க"ன்னுதான் எல்லாரும் முதல்ல கேப்பாங்க. மாத்தினா எடை குறையுமா? டிஃபைன்னு ஒரு ஆய்வுல, டோலுடெக்ராவிர் வகை மருந்துல 10 சதவீதத்துக்கு மேல எடை ஏறினவங்கள்ல ஒரு பாதியை டாருனாவிர் கூட்டுக்கு மாத்தினாங்க, மிச்சப் பேர் பழையதையே தொடர்ந்தாங்க, 24 வாரம் கழிச்சு ரெண்டு பக்கமும் எடைல வித்தியாசம் இல்ல. டாஃப்லேர்ந்து டிஎல்டி-க்கு மாறினப்போ பெண்களுக்குக் கொஞ்சம் குறைஞ்சது, அதுவும் கொஞ்சம்தான். வைரஸை இவ்வளவு சுலபமா, ஒரே மாத்திரைல, வைரஸுக்கு மருந்து எதிர்ப்பு சுலபமா வராம அடக்கி வெச்சிருக்கற மருந்தை அந்த ஒண்ணு ரெண்டு கிலோவுக்காக விடறது சரியில்லங்கறதுதான் என் எண்ணம். சுகர் கட்டுக்கே வரலை, எடை மாசா மாசம் ஏறுதுன்னா கேளுங்க, முடிவு டாக்டரோடது.

போகும்போது "குண்டாகிட்டேன் டாக்டர்"னு மட்டும் சொல்லாதீங்க, கூட்டத்துல ரெண்டு நிமிஷம்தான் கிடைக்கும். மாத்திரை ஆரம்பிச்ச நாள் எடை, இப்போ எடை, இடுப்பு அளவு, கடைசி சுகர், பிபி, போடற மத்த மருந்து எல்லாம் ஒரே தாள்ல எழுதி நீட்டுங்க. வைரல் லோடு எப்போ எடுக்கணும்னும் கேளுங்க, ஆறாவது மாசம், பன்னிரண்டாவது மாசம், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை.

நீங்க எந்த முயற்சியும் பண்ணாம எடை இறங்கினா சந்தோஷப்படாதீங்க. இருமல், காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறையறது, இந்த நாலையும் ஒவ்வொரு விசிட்லயும் நர்ஸ் கேப்பாங்க, டிபி-யைப் பிடிக்கறதுக்குத்தான். டயட்ல இருக்கோம் அதனாலதான் இறங்குதுன்னு நீங்களே முடிவு பண்ணாம அந்தக் கேள்விக்கு ஆமான்னு சொல்லுங்க, சளி டெஸ்ட் எடுக்கட்டும். சென்டருக்கு உடனே போக முடியலைன்னா 1097க்கு போன் பண்ணிக் கேக்கலாம், இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, பேர் சொல்ல வேண்டியதில்ல.